மூன்றாம் ஓலை

ஊரடங்கு வந்து ஊரில் யாருக்கு எது போனதோ, ரீத்தம்மாளுக்குப் போனது கோவித்துக்கொண்டு கிளம்புகிற உரிமை.

கல்யாணமான நாளிலிருந்து அந்த உரிமையை அவள் பத்திரமாக வைத்திருந்தாள். புருஷன் அமிர்தராஜுக்கு வாய் நீண்டால் ஒரு சேலையை மஞ்சப்பையில் திணித்துக்கொண்டு, அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் திருச்சுழி பஸ்ஸைப் பிடித்துவிடுவாள். அங்கே அக்கா வீடு. அக்கா ஒன்றும் கேட்கமாட்டாள். சோற்றைப் போட்டு, ஃபேனை இவள் பக்கம் திருப்பி வைப்பாள். மறுநாளோ அதற்கு மறுநாளோ அமிர்தராஜ் காரச்சேவுப் பொட்டலத்தோடு வந்து வாசலில் நின்று, "பஸ்ஸு வந்துரும், வாரியா?" என்பார். அவரிடமிருந்து வரக்கூடிய மன்னிப்பு அவ்வளவுதான். அவளும் அதை மன்னிப்பாகவே எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். இப்போது பஸ்ஸே இல்லை. சண்டை போட்டால் போய் உட்கார அடுப்படியை விட்டால் வேறு இடம் கிடையாது. அங்கேயும் பின்னாலேயே வந்து நிற்கிறார் மனுஷன்.

அமிர்தராஜ் லாரி டிரைவர். பருத்திப் பொதியும் நூல் மூட்டையும் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர். வாரத்தில் ஒரு நாள் வீட்டில் படுத்தால் அதிகம். அந்த ஒரு நாளைக்கு அவர் விருந்தாளி. கறி எடுப்பார்கள், அவர் தூங்கும்போது டிவி சத்தத்தைக் குறைப்பார்கள். நல்ல மனுஷர் என்றுதான் தெருவில் பெயர். வாரம் முழுக்க வீட்டில் வைத்துப் பார்த்தால்தானே தெரியும் யார் எப்படி என்று? மார்ச்சில் லாரியை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தவர், வண்டியில் கிளீனரை விரட்டியது போதாதென்று வீட்டில் இரண்டு பெண்களை விரட்ட ஆரம்பித்தார். தாளிப்புக்கு எதற்கு இவ்வளவு எண்ணெய், ஆளில்லாத அறையில் யார் லைட்டைப் போட்டது, மிக்சியை எத்தனை தடவை ஓட்டுவாய். இவரைக் கேட்டுக்கொண்டா இத்தனை வருஷம் இந்த வீட்டில் உலை கொதித்தது?

இருந்த ஒரே மகள் மரியசெல்வி. பி.காம். முடித்துவிட்டு டவுனில் ஒரு ஜவுளிக் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். கடை சாத்தியதும் அவளும் வீட்டோடு ஆனாள். அப்பாவைப் போலவே உயரம், அப்பாவைப் போலவே பிடிவாதம். அந்தப் பிடிவாதம் தன்னிடமிருந்து போனது என்பது மட்டும் அமிர்தராஜுக்குப் பிடிபடாது.

அவளுக்கு ஒரு மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். ததேயுஸ் என்று பெயர். பாலவனத்தம் பக்கத்துக்காரன், குவைத்தில் ஏசி மெக்கானிக். லீவில் வந்தவன் விமானம் நின்றுபோனதால் மாட்டிக்கொண்டான். பிப்ரவரியில் ஒரு தடவை வந்து காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். அப்போது மரியசெல்வி சொன்னது "பாப்போம்ப்பா" என்ற ஒரே வார்த்தை. அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு ஜூன் மாசத்துக்குள் அமிர்தராஜ் கல்யாணத்தையே கட்டி எழுப்பிவிட்டார். விமானம் பறக்க ஆரம்பிப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்பது மாப்பிள்ளை வீட்டு அவசரம். ஐம்பது பேருக்கு மேல் கூடக்கூடாது என்று அரசாங்கமே சொல்லிவிட்டதால், யாரைக் கூப்பிடுவது யாரை விடுவது என்ற தலைவலி இல்லை என்பது இவருடைய சந்தோஷம்.

"கொரோனாவுக்கு ஒரு மெழுகுதிரி ஏத்தணும்டி. நமக்கு நல்லதுதான் பண்ணியிருக்கு" என்றார்.

இதற்கு நடுவில் ததேயுஸ் தினமும் வீடியோ காலில் வந்தான். சாப்பிட்டாயா என்று கேட்பதோடு விட்டிருந்தால் யார் என்ன சொல்லப்போகிறார்கள்? "பின்னாடி யாரு பேசுறது? போனச் சுத்திக் காட்டு" என்பான். இவள் போனைத் திருப்பி அடுப்படி, முற்றம், அம்மா கழுவுகிற பாத்திரம் வரைக்கும் காட்ட வேண்டும். காலையில் ஏன் ஆன்லைனில் இருந்தாய், யாரோடு பேசினாய், ஸ்டேட்டஸில் எதற்கு முகம் தெரிகிறது. கடை திறந்தாலும் வேலைக்குப் போகக்கூடாது, கண்ட ஆம்பிளைக்கும் பில் போட்டது போதும் என்றும் சொல்லிவிட்டான். ஒரு நாள் குளித்துவிட்டு வந்தவளிடம், "இம்புட்டு நேரமா குளிச்ச? பாத்ரூமக் காட்டு" என்று கேட்டபோது ரீத்தம்மாள் பக்கத்தில் நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

மரியசெல்வி போனை அணைத்துவிட்டு நேராக அப்பாவிடம் போனாள். "எனக்கு இவன வேணாம்ப்பா."

"ஏன், என்ன கொற?"

"புடிக்கல."

"அதெல்லாம் ஒரு காரணமா? குடிக்கிறானா, கூத்தியா வச்சிருக்கானா, ஏதாச்சும் ஒண்ணு சொல்லு."

"பாத்ரூமக் காட்டச் சொல்றான்."

"அக்கறையா இருக்கான்டி. இந்தக் காலத்துல எவன் இருக்கான்?" என்றார் அமிர்தராஜ். அதோடு அவர் கணக்கில் அந்தப் பேச்சு முடிந்தது.

சாதாரண நாளாக இருந்தால் மாதா கோயிலில் இது நின்றிருக்கும். அவர்கள் பங்குச் சபையில் கல்யாணத்துக்கு முன் பெண்ணையும் மாப்பிள்ளையையும் சாமியார் தன் பங்களாவுக்குக் கூப்பிடுவார். பெற்றவர்களை வெளியே உட்கார வைத்துவிட்டு ஒவ்வொருவரையும் தனித்தனியாகச் சம்மதம் கேட்பார். அதற்குப் பிறகுதான் ஓலை வாசிப்பு. மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில், இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சபைக்கு முன்னால் அறிவிப்பார்கள். அந்தச் சமயம் பார்த்துத் தெருவில் ஒரு வீட்டுக்குக் கொரோனா வந்தது. முனையில் தகரத்தை வைத்து அடைத்தார்கள். சாமியாரும் வயசானவர், சர்க்கரை உள்ளவர். போனிலேயே கேட்டுக்கொள்கிறேன் என்றுவிட்டார்.

அமிர்தராஜ் போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தார். மரியசெல்வி சுவரோரம் நின்றாள். கையில் சீப்பு இருந்தது. ரீத்தம்மாள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மகளே மரியசெல்வி, ததேயுஸக் கல்யாணம் பண்ணிக்க உனக்குப் பூரண சம்மதமா?" என்று போன் கேட்டது.

மரியசெல்வி அப்பாவைப் பார்த்தாள். அப்பா அவளைப் பார்த்த பார்வையில் அந்த அறையில் வேறு யாரும் வாய் திறக்க இடமில்லை. அவள் தூண் மாதிரி அசையாமல் நின்றாள். அமிர்தராஜ் குனிந்து போனில் சொன்னார்:

"வெக்கப்படுது சாமி. தலைய ஆட்டிருச்சு."

சாமியார் சிரித்தார். "நம்ம பிள்ளைகளுக்கு இந்த விஷயத்துல எங்க வாய் தொறக்குது? நல்லா இருக்கட்டும்" என்று ஆசீர்வாதம் கொடுத்து போனை வைத்தார். போனில் ஆட்டிய தலையை நம்பி நடந்த முதல் சம்மதம் அதுவாகத்தான் இருக்கும்.

ரீத்தம்மாள் எல்லாவற்றையும் பார்த்தாள். மகளின் தலை ஒரு முடி அளவுக்குக்கூட அசையவில்லை. அது அவளுக்குத் தெரியும், ஆனால் அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் சண்டை வரும். சண்டை வந்தால் போக இடமில்லை. தகரம் அடைத்த தெருவில், மூன்று பேர் இருக்கிற வீட்டில், இந்த மனுஷனோடு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எத்தனை நாள் இருக்க முடியும் என்று பயந்தாள். அந்தப் பயத்தை அவள் பொறுமை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

கோயிலில் சனம் கூடக்கூடாது என்று இருந்ததால் ஞாயிறு பூசை யூடியூப்பில் வந்தது. மாதா படத்துக்குக் கீழே போனைச் சொம்பில் சாய்த்து வைத்து மூவரும் பாயில் உட்காருவார்கள். ஆள் இல்லாத கோயிலில் சாமியாரும் பீடச் சிறுவர்களுக்குப் பதில் ஒரு கன்னியாஸ்திரியும் நிற்பது தெரியும். படம் பிடிப்பது மணியடிக்கிற கோயில்பிள்ளை இருதயம். அவர் கை நடுங்கினால் பலிபீடமே நடுங்கும். கீழே ஆமென் ஆமென் என்று சனம் எழுதிக்கொண்டே இருக்கும்.

முதல் ஞாயிறு தன் பெயரைப் போனில் கேட்டதும் மரியசெல்வி எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டாள். அன்று சாயங்காலம் அவள் சாமியாருக்குப் போன் போட முயன்றதை அமிர்தராஜ் பார்த்து, போனைப் பிடுங்கித் தன் இடுப்பில் சொருகிக்கொண்டார். இரண்டாம் ஞாயிறும் ஓலை வாசித்தாகிவிட்டது. மரியசெல்வி அடுப்படிக்கு வந்து அம்மாவின் முன்னால் நின்றாள்.

"எம்மா, நீ பாத்தல்ல? நான் தலைய ஆட்டினேனா?"

"விடுடி. கல்யாணம்னா எல்லாருக்கும் மொதல்ல இப்பிடித்தான் இருக்கும்."

"நான் கேட்டது அது இல்ல. ஆட்டினேனா இல்லியா?"

ரீத்தம்மாள் அரிசியைக் களைந்துகொண்டே இருந்தாள். தண்ணீர் தெளிந்த பிறகும் களைந்தாள். அதற்குப் பிறகு மரியசெல்வி அம்மாவோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். அப்பாவோடு அவள் முன்பே பேசுவதில்லை. அந்த வாரம் முழுக்க வீட்டில் அமிர்தராஜின் குரல் மட்டும்தான் கேட்டது. மாலைக்குச் சொல்லியாச்சு, மோதிரம் வந்தாச்சு, புதன்கிழமை காலையில் கோயிலில் தாலி என்று அவரே சொல்லி அவரே கேட்டுக்கொண்டார். மகள் பேசாதது ரீத்தம்மாளை அறுத்தது. புருஷனின் கோபத்துக்குத் தப்பிக்கப் போய் மகளை விட்டுக்கொடுத்துவிட்டோம் என்று ஒரு நாள் பாத்திரம் துலக்கும்போது தோன்றியது. தோன்றியதும் அழுதாள்.

மூன்றாம் ஞாயிறு வந்தது. அந்த மாசம் ஞாயிற்றுக்கிழமையானால் முழு ஊரடங்கு, பால்காரரைத் தவிர ஈ காக்கை வெளியே வரக்கூடாது. தெருமுனைத் தகரத்தை மட்டும் முந்தின நாள்தான் பிரித்திருந்தார்கள். அமிர்தராஜ் குளித்து வேட்டி கட்டி, மூன்றாம் ஓலையைக் கேட்கப் பாய் விரித்தார். பூசை ஆரம்பித்துவிட்டது.

"எங்க உம்மக?"

"குளிக்கிறா" என்றாள் ரீத்தம்மாள்.

சொல்லிவிட்டுக் கூப்பிடப் பின்கட்டுக்குப் போனாள். குளியலறை திறந்து கிடந்தது. உள்ளே யாரும் இல்லை. கொல்லைக் கதவும் திறந்து கிடந்தது. மகளின் செருப்பைக் காணவில்லை. இப்போதே போய்ச் சொன்னால் அவர் பைக்கை எடுத்துக்கொண்டு போய்ப் பிடித்துவிடுவார். அவள் கொல்லைக் கதவைச் சத்தம் வராமல் சாத்தினாள். குளியலறைக்குள் போய்க் குழாயை முழுசாகத் திறந்து வாளியில் விட்டாள். வெளியே வந்து கதவை மூடினாள்.

அருப்புக்கோட்டையில் தண்ணீரை அப்படித் திறந்துவிடுகிறவர்கள் யாரும் இல்லை. நகராட்சித் தண்ணீர் எப்போது வரும் என்று அந்த நகராட்சிக்கே தெரியாத ஊர். காய் கழுவிய தண்ணீரில் பாத்திரம் கழுவி, பாத்திரம் கழுவியதைச் செடிக்கு ஊற்றுகிறவள் ரீத்தம்மாள். வாளி நிறைந்து தரையில் வழிகிற சத்தம் பூசைக்கு நடுவில் கேட்டது.

"யாருடி அங்க தண்ணியத் தொறந்து விட்டுட்டு? காசு குடுத்து வாங்குன லாரித் தண்ணிடி அது!" என்று கத்தினார் அமிர்தராஜ்.

"கல்யாணப் பொண்ணு. நல்லா குளிக்கட்டும்" என்றாள் ரீத்தம்மாள். பாயில் வந்து உட்கார்ந்தாள்.

பிரசங்கம் முடிந்தது, நற்கருணை முடிந்தது. சாமியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அறிவிப்புகளுக்கு வந்தார். "நம் பங்கைச் சேர்ந்த அமிர்தராஜ், ரீத்தம்மாள் தம்பதியரின் மகள் மரியசெல்விக்கும்..." என்று தொடங்கி ஓலையை வாசித்தார். "இது மூன்றாம் அறிக்கை. இவர்களுக்குள் விவாகத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள்."

அமிர்தராஜ் சிலுவை போட்டுக்கொண்டார்.

"தடை இருக்கு சாமி" என்றது போன்.

படம் ஒரு குலுங்கு குலுங்கியது. இருதயம் போனைத் திருப்பினார். காலியான கோயிலின் நடுவழியில் நீலச் சுடிதாரும் மாஸ்க்குமாக ஒரு பெண் நடந்து வந்தாள். பலிபீடத்துக் கிராதிக்கு முன்னால் வந்து நின்று மாஸ்க்கை இறக்கினாள்.

"நான்தான் மரியசெல்வி. எனக்கு இந்தக் கல்யாணத்துல சம்மதம் இல்ல."

அமிர்தராஜ் போனைப் பார்த்தார், குளியலறைப் பக்கம் பார்த்தார், மறுபடி போனைப் பார்த்தார். உள்ளே தண்ணீர் இன்னும் விழுந்துகொண்டிருந்தது.

மாசக்கணக்கில் வெறும் பெஞ்சுகளுக்குப் பிரசங்கம் செய்த சாமியாருக்கு முன்னால் திடீரென்று ஓர் ஆள். "எப்படிம்மா வந்த? இன்னிக்கு வெளிய விடமாட்டாங்களே?" என்றுதான் முதலில் கேட்டார்.

"நடந்து வந்தேன் சாமி. போலீஸ்காரு மறிச்சாரு. எங்கன்னு கேட்டாரு. என் கல்யாணத்த நிறுத்தப் போறேன்னு சொன்னேன். வெரசாப் போம்மான்னு விட்டுட்டாரு."

கீழே சனம் எழுதிக்கொண்டிருந்த ஆமென் நின்றுபோனது. யாரோ ஒருவர் மட்டும் என்ன நடக்கிறதென்று தெரியாமல் இன்னொரு ஆமென் போட்டார்.

"அன்னிக்குச் சம்மதம்னு தலைய ஆட்டினியேம்மா. உங்கப்பா சொன்னாரே?"

"போன்ல எப்படி சாமி பாத்தீங்க?"

சாமியார் கையிலிருந்த ஓலையைப் பார்த்தார். பிறகு, "அதான, நான் எங்க பாத்தேன்" என்று தனக்குள் சொல்வதுபோல் சொன்னார். மைக் அதையும் எல்லோருக்கும் சொல்லிவிட்டது. அங்கியைத் தூக்கிப் பாக்கெட்டிலிருந்து போனை எடுத்து, "அன்னிக்கு அங்க இருந்தவுக யாரு? உங்கம்மா இருந்தாகளா?" என்று கேட்டுக்கொண்டே நம்பரைத் தேடினார்.

மாதா படத்துக்குக் கீழே போன் அடித்தது. பூசை மறைந்து சாமியார் பெயர் வந்தது. அமிர்தராஜ் பாய்ந்து எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"சாமி, அது கிறுக்குத்தனம் பண்ணுது சாமி! அன்னிக்குத் தலைய ஆட்டிச்சு. எம் பொஞ்சாதி பக்கத்துலதான் நின்னா. அவளயே கேளுங்க."

போனை ரீத்தம்மாளின் வாய்க்கு நேராக நீட்டினார்.

"ரீத்தம்மா, உள்ளதச் சொல்லும்மா. பிள்ள அன்னிக்குத் தலைய ஆட்டிச்சா?"

அமிர்தராஜ் கண்ணை உருட்டிக்கொண்டு தலையை மேலும் கீழும் அசைத்தார். ஆமென்று சொல்லு, சொல்லு என்று. முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, நிறுத்தாமல் ஆட்டினார். ரீத்தம்மாள் அந்தத் தலையையே பார்த்தாள். பயம் இருந்தது. ஆனால் மகள் தனியாக நடந்துபோய் ஊர் முன்னால் நின்றுவிட்டாள். இனி அம்மா அரிசி களைந்துகொண்டிருக்க முடியாது.

"ஆட்டல சாமி" என்றாள். "எம்மக ஆட்டவே இல்ல. இந்தா, இப்ப எம் புருஷன்தான் இங்க ஆட்டிக்கிட்டு இருக்காக. அன்னிக்கும் ஆட்டினது இவுகதான்."

அமிர்தராஜின் தலை நின்றது.

பக்கத்து வீட்டு ஜெபா டீச்சருக்குக் காது மந்தம். பூசையை டிவியில் போட்டு முழுச் சத்தத்தில் கேட்பவர். டிவிக்கு எல்லாம் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும். இப்போது அந்தச் சுவருக்கு அப்பாலிருந்து ரீத்தம்மாளின் குரலே வந்தது. 'எம்மக ஆட்டவே இல்ல.' எதிர்வீட்டிலிருந்தும் வந்தது. சாமியார் தன் போனை மைக்குக்குப் பக்கத்தில் பிடித்திருக்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. இந்தத் தெரு, அடுத்த தெரு, பாலவனத்தத்தில் மாப்பிள்ளை வீடு, திருச்சுழியில் அக்கா வீடு, எல்லா இடத்திலும் தான் பேசியது கேட்டிருக்கிறது. வெட்கமாக இருக்கும் என்று நினைத்தாள். இல்லை. இவ்வளவு நாள் அடுப்படிச் சுவரோடு பேசிய வாய்க்கு நன்றாகவே இருந்தது.

போனை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"எல்லாரும் கேட்டுக்கிறுங்க. புதன்கிழம கல்யாணம் கெடையாது. யாரும் வர வேணாம். ததேயுசு தம்பி, நீங்களும் கேட்டுக்கிட்டு இருப்பீக. இனி எம்மகளுக்குப் போன் போடாதீக. சாமி, பிள்ளையத் தனியா அனுப்பிராதீக. நான் வாரேன்."

"எம் மானமே போச்சேடி!" என்றார் அமிர்தராஜ். சுவருக்கு அப்பால் அவள் குரல் புதன்கிழமைக்கு யாரும் வர வேணாம் என்று ஊருக்கு மறுபடி சொல்லிக்கொண்டிருந்தது. அவர் காதைப் பொத்திக்கொண்டார்.

ரீத்தம்மாள் சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகினாள். ஆணியில் தொங்கிய மாஸ்க்கை எடுத்தாள்.

"எங்க கெளம்புற? பஸ்ஸு கிஸ்ஸு ஒண்ணும் ஓடல" என்றார் அவர்.

"எம்மக நடந்துதான போனா?"

"வாசலத் தாண்டினா திரும்பி வராத. ரெண்டு பேரும் வராதீக."

"வருவோம். கோவிச்சுக்கிட்டுப் போறதுக்கு நான் என்ன திருச்சுழிக்கா போறேன்? எம் பிள்ளையக் கூட்டிக்கிட்டு நடுரோட்டுல நடந்து வருவேன். இந்த வீட்டுக்குத்தான் வருவேன். நீங்க கதவச் சாத்துங்க, தெருவே பாக்கட்டும்."

அமிர்தராஜ் கதவைப் பார்த்தார். எழுந்து போய்ச் சாத்தவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் பாயில் அப்படியே உட்கார்ந்திருந்தார். இத்தனை வருஷத்தில் அவரை அப்படி ஒரு இடத்தில் சும்மா உட்கார்ந்து ரீத்தம்மாள் பார்த்ததில்லை. கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. அதற்காக அவள் நிற்கவில்லை.

வாசலில் செருப்பை மாட்டும்போது உள்ளே இருந்து, "அப்ப சோறு?" என்று குரல் வந்தது.

"அரிசி தகர டப்பாவுல இருக்கு. மூணு பேருக்கு உலை வைங்க" என்று சொல்லிவிட்டு ரீத்தம்மாள் தெருவில் இறங்கினாள்.